மஞ்சள் நூல் கட்டிய கன்றுகள்

என் பிரியமுள்ள வெள்ளையண்ணா,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. கரடியூரில் இன்னும் மழை இல்லை. காரியத்துக்கு வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவள், இப்போது உங்களோடு சண்டை போடக் கடிதம் எழுதுகிறேன். அழுகையும் வருகிறது அண்ணா, ஆனால் கோபம் முந்திக்கொள்கிறது.

காய்ந்த காட்டில் தானாக முளைக்கிற கன்றுகள், மழை பொய்த்தால் என்ன ஆகின்றன? இதைப் பார்க்கத்தானே டெல்லிக்கு மனுமேல் மனுப் போட்டுப் பணம் வாங்கி, சேலத்துக் கல்லூரியிலிருந்து நான் மலையேறினேன். ஊருக்குக் கீழே அந்தச் சரிவில் வேங்கை, கருங்காலி, உசிலை என்று கன்று கன்றாகத் தேடினோம். நீங்கள் முள்ளை விலக்கிப் பிடிக்க, எண் போட்ட தகரச் சீட்டை ஒவ்வொன்றிலும் நான் நூலால் கட்டினேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் நூல். கடைவீதியில் அன்றைக்கு வெள்ளை நூல் வாங்கியிருந்தால் இந்த வம்பு வந்திருக்காதோ?

இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து அளந்தேன். நூல் கட்டிய கன்றுகள் பச்சையாக நின்றன. எப்படி அண்ணா என்று வியந்தபோது, "வேரு ஆழமா உட்டிருக்குமுங்க அம்மிணி" என்றீர்கள். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை. அதை நம்பி அறிக்கையில் நாலு பக்கம் எழுதினேன். பக்கத்திலேயே நூல் கட்டாத கன்றுகள் சருகாய்க் கிடந்தன. அவை என் படிவத்தில் இல்லை, அதனால் என் கண்ணிலும் படவில்லை. படித்தவள் லட்சணம் இது.

தையில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோனது. மாசி முடிவதற்குள் கன்றுகள் ஒவ்வொன்றாக வாட ஆரம்பித்தன. பூச்சியா, சீக்கா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, தண்ணி ஊத்த ஆளில்லீனா வாடாதுங்களா? ஞாயித்துக்கெழம பொழுதெறங்கச் சுனையிலிருந்து கொடங்கொடமாச் சொமந்தாருங்க. மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால நட்ட கம்பத்துக்கு ஊத்தறமில்லீங்களா, அந்த மாதிரி. மஞ்ச நூலுல காப்புக் கட்டிப்போட்டு, தண்ணி காட்டாம உட்டா சாமி பொறுக்குமுங்களா? செடி செத்தா உங்க வேலைக்கும் வெனையின்னு நொம்பப் பயந்தாருங்க."

அடுத்த சனிக்கிழமைக்குள் மண் காய்ந்துவிடும். எனக்கு எப்படித் தெரியும்?

கேளுங்கள் அண்ணா, உங்கள் குடம் செய்த வேலையை. போன வாரம் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. கன்றுகள் வறட்சியைத் தாங்குவது தெரிந்துவிட்டதாம், காடு தானே தேறிக்கொள்ளுமாம், ஆகவே இனிமேல் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டியதில்லையாம். என் வேலை போகக்கூடாது என்று சுமந்தீர்கள். அந்தத் தண்ணீரே அதை முடித்துவைத்தது. வேலை போனால் போகிறது. காடு தானே தேறும் என்று அச்சில் ஏறிவிட்டால், நாளைக்கு அந்தச் சரிவை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சீக்கு வந்து செத்ததுன்னு எழுதிடும்மா. மூணு வருஷ வேலைய யாராவது தானே கெடுத்துக்குவாங்களா?" என்றார். ஒரு ராத்திரி முழுக்க அதற்கு மனம் இணங்கித்தான் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

ஆனாலும் உள்ளதை எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். முதல் அறிக்கையைத் தள்ளிவிடச் சொல்லி, புதிதாகத் தொடங்கப் பணம் கேட்டிருக்கிறேன். கொடுப்பார்கள் என்று தோன்றவில்லை. உங்களைக் குற்றவாளியாக எழுதவில்லை. குற்றம் என்னுடையது. செத்தால் சாகட்டும் அண்ணா, நாம் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று ஒரே ஒரு முறை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பச்சையாக நிற்கிற ஒன்றைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு உங்களை எந்த முகத்தோடு கோபிப்பது?

இன்னும் ஐந்து கன்றுகள் உயிரோடிருக்கின்றன. போன சனிக்கிழமை அண்ணி குடத்தோடு சரிவுக்கே வந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுத்தேன். "அவரு வளத்ததுங்க. உங்களுக்கு மனசே இல்லீங்களா அம்மிணி?" என்று கேட்டார். தண்ணீரை அங்கே கொட்டாமல் திரும்பச் சுமந்துகொண்டு போனார்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும், அந்த ஐந்தும் பிழைக்கும்வரை அல்லது சாகும்வரை சனிக்கிழமைகளில் வருவேன். எந்த இலை எப்போது உதிர்ந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். என்னை நம்ப முடியவில்லை அண்ணா, அதனால் சத்தியமாகச் சொல்கிறேன்: அந்தச் சரிவில் இறங்கும்போது நான் குடிப்பதற்குக்கூடத் தண்ணீர் கொண்டுவர மாட்டேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சரசு