பட்டினி கிடந்த நரம்புகள்

பினார் தெல் ரியோ, 1993

மார்ச் 9
இன்றும் பாதம் எரிகிறது. எல்லாம் இந்தச் சீன சைக்கிளால்தான். டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோனதிலிருந்து ஊரே அதைத்தான் மிதிக்கிறது, காலைப் பிடித்துக்கொண்டு அதையேதான் திட்டுகிறது.

மார்ச் 22
தொழிற்சாலையில் நான் சுற்றும் சுருட்டுக்குள் இலை கட்டிதட்டினால் என் விரலுக்குத் தெரிந்துவிடும். இன்று தெரியவில்லை. மேற்பார்வையாளர் ஒன்றைப் பற்றவைத்து இழுத்தார், புகையே வரவில்லை. பக்கத்து மேசை எவெலியோ, "என்ன ஒடாலிஸ், சுருட்டு கேட்டா பென்சில் சுத்திக் குடுக்குற?" என்றான். நானும் சிரித்தேன். வேலை நேரத்தில் எங்களுக்குக் கதை படித்துக்காட்டும் வாசிப்பவர் இன்றைய பகுதியை முடித்ததும் வழக்கம்போல எல்லோரும் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டினோம், எங்கள் கைதட்டல் அதுதான். சத்தம் காதுக்கு வந்தது, கைக்கு வரவில்லை.

சைக்கிள் காலைக் கெடுக்கும், சரி. கையை எப்படி?

மார்ச் 23
கத்தி விரலில் பட்டது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பயமாயிருக்கு. இந்தக் கை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 26
டாக்டர் மைதெலின் அதிரும் இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்டாள். இல்லை. என்ன சாப்பிடுகிறேன் என்றாள். சோறும் பீன்ஸும் பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு, எனக்குச் சர்க்கரைத் தண்ணீர். பசித்தால் சுருட்டு, வேலை மேசையில் அது மட்டும் இலவசம்.

"பசிய அடக்கல, நரம்பப் பட்டினி போட்டிருக்கீங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, கை கால்ல ஓடுற எல்லாத்தையும். நீளமான நரம்புதான் முதல்ல வாடும், அதான் பாதத்துல ஆரம்பிச்சிருக்கு. சத்து கெடைச்சா பெரும்பாலும் திரும்பும். மெதுவா."

பி வைட்டமின் மாத்திரை, ஒழுங்கான சாப்பாடு. சுருட்டைத் தொடக்கூடாதாம்! சுற்றலாம், பிடிக்கக்கூடாது.

ஏப்ரல் 4
மகள் யனெலிஸ் தட்டை நடுவில் வைத்தாள். "நீ ஒரு வாய் வச்சாத்தான் நான் ஒரு வாய், அம்மா." பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு வாயில்லை. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30
என்னை இலை பிரிக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவமானம். எவெலியோ நான் அந்தப் பக்கம் போனால் தான் பிடிக்கும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான், கழுதை.

ஜூன் 18
பாதத்தில் எரிச்சல் போய் ஊசி குத்துகிறது. நரம்பு திரும்புகிற அடையாளம், நல்லதுதான் என்கிறாள் டாக்டர். குத்தட்டும்.

ஆகஸ்ட் 17
மறுபடி பழைய மேசை, ஒரு வாரம் வைத்துப் பார்ப்பார்களாம். முதல் சுருட்டிலேயே இலை கட்டிதட்டியது விரலுக்குத் தெரிந்தது, பிரித்து மறுபடி சுற்றினேன். வாசிப்பவர் முடித்ததும் எல்லோரும் தட்டினோம். பலகை மேலிருந்த என் இடது கை விரல் நுனிகளில் அது அதிர்ந்தது.

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன். "போதும் ஒடாலிஸ்," என்றான் எவெலியோ, "மிச்சக் கதை நாளைக்குத்தான்."