கம்ப்ரசரை நிறுத்திக் கேட்ட சத்தம்

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? ஒடிசாவில் போர்வெல் ரிக்கோடு நான் நலம். போனில் சொல்ல வெட்கப்பட்டு எழுதுகிறேன்.

மாதப் பரிசோதனைக்குப் போனால்தான் அரசின் மகப்பேறு உதவித்தொகை வரும் என்று நீ சொன்னபோது, உன் ஒரு நாள் கூலி போகிறதே என்று முணுமுணுத்தேன். முதல் கரு கலைந்தபோது நாம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. இந்த முறை பணத்துக்காகத்தான் போனாய்.

செவ்வாய்க்கிழமை நீ சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது இங்கே முந்நூறு அடியில் டிரில் ஓடிக்கொண்டிருந்தது. "கொளந்த நெஞ்சு அடிக்கறதக் கேளுங்க" என்று நீ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"அண்ணா, கம்ப்ரசர நிறுத்துங்க! எம்பட கொளந்தையோட சத்தமுங்க!" என்று கத்தினேன். டிரில்லர் சிவக்குமார் அண்ணன் உடனே நிறுத்திவிட்டார். குதிரை ஓடுவதுபோல அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. உடம்பெல்லாம் சேறு வழிய ஆறு பேரும் அசையாமல் நின்றோம்.

"இத்தன வேகமாவா அடிக்கும் சாமி?" என்றார் அண்ணன்.

இங்கே குளிர் அதிகம். இதைக் கொண்டுவரும் லாரி டிரைவரிடம் நீ போர்த்துகிற போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

டிரைவர் அவசரப்படுத்துகிறார். அந்தப் பணம் வராமல் போனாலும் பரிசோதனைக்குப் போய்விடு.

உன்,
மணிவேல்