புயலுக்குப் பின் நட்ட குச்சிகள்

நவம்பர் 26, புதன்

மறுபடியும் மாவுப்பூச்சி. வேலைக்குக் கிளம்பும் முன் வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து எல்லாச் செம்பருத்திக்கும் அடித்தேன். கையெல்லாம் நாற்றம். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா மூக்கைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

செடிக் குழுவில் ஒரே புயல் பேச்சு. பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு. பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கல்லங்குறிச்சி தனம் அக்கா, தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தச் சொல்லிக் குரல் பதிவு போட்டிருக்கிறார். பாடாலூரில் டயர் கடை வைத்திருக்கும் அசோக், "கடலோரத்துல அடிக்கிற காத்து இவ்ளோ தூரம் வராதுக்கா" என்று பதில் எழுதியிருந்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நவம்பர் 29, சனி

காலையிலிருந்து மழை. மாடியில் நிழல்வலைக் கம்பிகளை இன்னொரு சுற்றுக் கட்டினேன். கயிறு போதவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

வந்துவிட்டது. இவ்வளவு தூரமும் வந்துவிட்டது.

விடிந்ததும் மாடிக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. தொட்டிகள் உருண்டு வந்து அடைத்திருந்தன. இவர் தோள் கொடுத்துத் தள்ளினார். மாடியில் – என்ன எழுத? வருஷக்கணக்காக ஒவ்வொரு குச்சியாகச் சேர்த்த செம்பருத்திகள். கிளை முறிந்தது பாதி, வேரோடு வெளியே கிடந்தது பாதி. நிழல்வலையும் கம்பியும் காணோம். பக்கத்து வீட்டுச் சமையலறைக் கூரை ஷீட்டை உடைத்துக்கொண்டு அதன் மேல் கிடந்தன. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

நான் அழுதேன். இவர் பின்னால் நின்று, "போனா போவுது வளரு. செடிதானே" என்றார். ஊரில் இவர் தம்பியின் மக்காச்சோளம் முழுக்கச் சாய்ந்துவிட்டதாம், அவனவன் கூரை இல்லாமல் நிற்கிறானாம், நான் தொட்டிக்கு அழுகிறேனாம்.

தெரியாதா எனக்கு? அந்த மக்காச்சோளத்துக்கும்தான் அழுவுறேன். இதுக்கும் அழுவுறேன். என் கண்ணுல எவ்ளோ தண்ணி இருக்குன்னு இவரு எதுக்கு அளக்கணும்?

டிசம்பர் 1, திங்கள்

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டு ஓனர் குருமூர்த்தி சார் கூப்பிட்டார். தொட்டி மண் மாடி மழைத்தண்ணீர் வடியும் குழாயை அடைத்து, தேங்கிய தண்ணீர் அவர் ஹால் கூரையில் கசிந்திருக்கிறது. காட்டினார். பெரிய ஈரத் திட்டு. பக்கத்து வீட்டு ஷீட்டை மாற்றித் தர வேண்டும், பொங்கலுக்குள் மாடியில் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் "சரி சார்" என்றுவிட்டார்.

ஷீட் என் தப்பு. சரியாகக் கட்டவில்லை. மாற்றித் தருவேன். கசிவும் என்னால்தான், பூசித் தருவேன். ஆனா செடி வெச்சதே தப்புங்கிற மாதிரி தலை குனிஞ்சு நிக்கச் சொன்னா நிக்க மாட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்னும் கரண்ட் இல்லை. மருந்துக்கடை ஜெனரேட்டரில் போனைச் சார்ஜ் போட்டேன். குழு முழுக்க உடைந்த தொட்டிகளின் படங்கள். தனம் அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை. போன் போகவே மாட்டேன் என்கிறது. அசோக் ஒரே வரி எழுதியிருந்தான்: "இனி செடி வேண்டாம். எல்லாரும் நல்லா இருங்க." அதற்குக் கீழே, குழுவிலிருந்து விலகினார் என்று இருந்தது.

டிசம்பர் 3, புதன்

லீவு சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். இவரிடம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு என்றேன். அந்த ஊருக்குத்தானே போனேன், பாதி உண்மை.

தனம் அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், தனியாள். ஓடெல்லாம் பறந்து, வீட்டின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. தோட்டத்துக்குக் குறுக்கே முருங்கை மரம் விழுந்து கிடந்தது. ஆறுதலாக என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. வாசலில் உடைந்த கிளைகளைக் குவித்துப் போட்டு, நடுவில் உட்கார்ந்து கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார்.

"வளர்மதியா? உக்காரு. அந்தக் கிளை வாடுறதுக்குள்ள வெட்டு."

உட்கார்ந்தேன். கணு பார்த்து வெட்டி, இலையைக் கிள்ளி, ஈரச் சாக்கில் சுருட்டினோம். அவ்வளவு வேலை இருக்கிறது அந்தக் குப்பையில்! தனம் அக்கா நிமிராமலே சொன்னார்:

"உடைச்சது புயலு. உடைஞ்சத நான் நட்டா அது என்ன பண்ணும்?"

என் மாடியில் கிடக்கும் கிளைகளை அள்ளிக் கொட்டிவிட்டேனா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும் ஒரு சாக்கைக் கையில் கொடுத்து, அப்போதே கிளம்பச் சொல்லிவிட்டார். பஸ்ஸிலிருந்தே குழுவுக்கு எழுதினேன்: முறிந்த கிளையை யாரும் எறியாதீர்கள், ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் முறைத்தார். நானும் முறைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

காலையிலேயே மாடியில் நட ஆரம்பித்தேன். உடையாத தொட்டி, பெயின்ட் வாளி, பால் கவர் என்று கிடைத்ததிலெல்லாம். இவர் மேலே வந்து பார்த்தார். "காலி பண்ணச் சொன்னா இன்னும் நடுறியா?"

"ஆமா."

டிசம்பர் 7, ஞாயிறு

தனம் அக்கா, நான், குழுவில் இன்னும் இரண்டு பேர், பாடாலூர் போனோம். அசோக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டான் என்று தெரிந்துதான் போனோம்.

ஹைவே ஓரக் கடை. பழைய டயர்களில் மண் நிரப்பி வரிசையாக அடீனியம் வைத்திருந்தான். அடி பெருத்து, பானை மாதிரி உட்கார்ந்திருக்கும் செடிகள். எல்லாம் தண்ணீரில் ஊறி அழுகிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யாரு உங்கள வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றார் தனம் அக்கா. "கத்தி எங்க வெச்சிருக்க?"

அவன் காட்டவில்லை. அவர் தன் பையிலிருந்தே ஒன்றை எடுத்தார். நாங்கள் பிடுங்கி, கழுவி, அழுகலைச் சீவி, வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டினோம். நான் கொண்டுபோயிருந்த பூஞ்சாண மருந்துத் தூளைத் தடவிக் கடை உத்தரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம். காற்றுப் பிடிக்க வந்த லாரிக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அசோக் எங்களைப் பார்க்காமல் அவர் டயருக்குக் காற்று அடித்தான். அடித்து முடித்ததும் வந்து, தனம் அக்கா கையிலிருந்த கத்தியை வாங்கினான்.

"அப்புடி இல்லக்கா. இன்னும் கீழ வெட்டணும்."

அப்புறம் அவன் நிறுத்தவில்லை. விதையிலிருந்து அவனே வளர்த்த பெரிய செடி மட்டும் உள்ளே முழுக்கக் கூழாகிவிட்டது. அதைத் தனியாக ஓரத்தில் வைத்தான். நாங்கள் அடுத்த செடியை எடுத்தோம்.

கிளம்பும்போது என்னிடம் வந்தான். மாடி விஷயத்தைத் தனம் அக்கா சொல்லியிருக்கிறார். "கடைக்குப் பின்னாடி எடம் சும்மாதான்க்கா கெடக்கு. வேலி இருக்கு, போர் தண்ணி இருக்கு. எல்லாத்தையும் இங்க கொண்டாந்துடுங்க."

டிசம்பர் 14, ஞாயிறு

தொட்டிகளை ஏற்ற இவர் லோடு அடிக்கும் குட்டியானை வண்டியைக் கேட்டேன். சவாரி இருக்கிறது என்றார். சரி, வேறு வண்டி பேசிக்கொள்கிறேன் என்று போனை எடுத்தேன். "ஸ்டாண்டுல எல்லாவனும் என்னைக் கேலி பண்றதுக்கா?" என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கோபத்தோடுதான் கயிறு கட்டினார். ஆனால் பாடாலூர் வரை ஒரு தொட்டிகூட அசையவில்லை. இறக்கிவிட்டு, உத்தரத்தில் தொங்கும் அடீனியங்களுக்குக் கீழே நின்று அசோக்கிடம் வெகுநேரம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று செடி வேலை இல்லை. தனம் அக்கா வீட்டுக் கூரை. குழுவில் பத்துப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஓடு ஏற்றி வந்தது இவர் வண்டி. கேட்காமலே வந்தார்.

ஜனவரி 4, ஞாயிறு

குச்சிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. இழுத்துப் பார்த்தால் அடியில் கறுப்பு. உண்மையைத்தான் எழுத வேண்டும். மீதியில் துளிர் வந்திருக்கிறது. அசோக் கடைக்குப் பின்னால் இப்போது எந்தச் செடி யாருடையது என்றே தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவன் குழுவில் திரும்பச் சேர்ந்து, அழுகல் பற்றி எல்லோருக்கும் பாடம் எடுக்கிறான்.

சாயங்காலம் குருமூர்த்தி சார் மாடியைப் பார்க்க வந்தார். சுத்தமாக இருந்தது. கசிவும் பூசியாயிற்று. அவருக்கே பாவமாகிவிட்டது போல. "அஞ்சாறு தொட்டி வேணா வெச்சுக்குங்கம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் எனக்குள் ஏதோ நிமிர்ந்துவிட்டது.

"இல்லைங்க சார். நாங்க வேற வீடு பாத்துக்குறோம்."

படியில் இறங்கும்போது இவர், "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

"கேட்டிருந்தா 'சரி சார்'னு சொல்லிருப்பீங்க."

விறுவிறுவென்று எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

ஜனவரி 7, புதன்

இவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாட்டிப் போவட்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

துறைமங்கலத்தில் ஒரு வீடு இருக்கிறதென்று இவரே கூட்டிக்கொண்டு போனார். தை பிறந்ததும் குடிவரலாம் என்றார் அந்த வீட்டம்மா. எனக்குச் சமையலறையைக் காட்டினார். இவர் எதையும் பார்க்காமல் நேரே மாடிக்குப் போனார். மேலே நடக்கும் சத்தம் கேட்டது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.

இறங்கி வந்து வீட்டம்மாவிடம் கேட்டார்: "மேல தண்ணி பைப்பு ஒண்ணு போட்டுக்கலாங்களா? வெயிலு எதுவரைக்கும் நிக்கும்?"

துணி காயப் போடவா என்று அந்த அம்மா கேட்டார்.

"செடி இருக்குங்க. நெறைய இருக்கு. அதுக்கு எடம் உண்டுன்னா வீடு பேசலாம், இல்லன்னா இப்பவே கெளம்புறோம்."

நான் சமையலறைக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தேன்.