கண்ணால் பார்த்து வாங்கிய பங்குகள்

மார்ச் 4

காலையில் கொல்லைப்புறத்து பம்பைப் பிரித்து மாட்டினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவன். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு, கடலுக்குப் போகத் தகுதிச் சான்றிதழ் தர டாக்டர் மறுத்துவிட்டார். நான்கு மாதமாக இந்தத் தீவில், ஹாக்னாவில், இந்த வீடு, இந்தக் கொல்லை, இந்த பம்ப்.

மத்தியானம் என் மனைவி வேவாவுக்கு துபாயிலிருந்து போன். அவள் சித்தி மகள் மார்சியா. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று இருக்கிறதாம். வேவாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இருபத்தேழு வருஷம் நீ போனே, புலோ. இப்ப என் முறை."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 9

பேசி முடித்தோம். கப்பல் கம்பெனி கொடுத்ததும் சேமிப்பும் சேர்ந்து பாங்கில் முப்பத்தேழு லட்சம் பெசோ கிடக்கிறது. உட்கார்ந்து தின்றால் எத்தனை வருஷம்? அசலில் கை வைக்காமல் மாதம் பதினெட்டாயிரம் ஒழுங்காக வர வேண்டும் என்பது வேவாவின் கணக்கு. கிறிஸ்துமஸுக்குள் அப்படி வர ஆரம்பித்தால் அவள் போக மாட்டாள். இல்லாவிட்டால் ஜனவரியில் டிக்கெட்.

இவளோடு நான் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் இருந்ததே இல்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லை. இப்போதுதான் வந்தேன்.

மார்ச் 20

படகேறி செபு நகரம் போனேன். பங்குத் தரகர் அலுவலகத்தில் ரோவேனா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறாள். பட்டியலைப் பார்த்ததும் நான் நேராகப் போய்க் கைவைத்தது நூற்றுக்குப் பதினான்கு ஈவுத்தொகை தரும் ஒரு நிலக் கம்பெனியில்.

"அது ஏன் அவ்வளவு தருதுன்னு யோசிச்சீங்களா சார்?" என்றாள்.

விலை பாதியாக விழுந்திருக்கிறது. போன வருஷம் கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்தால் பதினான்கு. இந்த வருஷம் கொடுப்பார்கள் என்று யார் சொன்னது? எனக்கு வெட்கமாகிவிட்டது. எஞ்சின் அளவுமானியில் ஒரு முள் மட்டும் எகிறி நின்றால் நான் என்றைக்காவது சந்தோஷப்பட்டிருக்கிறேனா?

பிறகு முன்னுரிமைப் பங்கு என்றால் என்ன என்று கேட்டேன். அவள் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது. "கம்பெனி வீட்டு விருந்துன்னு வெச்சுக்கோங்க சார். முன்னுரிமைப் பங்குக்காரங்க முதல் பந்தி. அளவுச் சாப்பாடு, ஆனா முதல்ல போட்டுருவாங்க. ஒரு தடவை போடலேன்னா அந்தப் பாக்கியையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் மத்தவங்களுக்கு. சாதாரணப் பங்குக்காரங்க ரெண்டாம் பந்தி. மிச்சம் நிறைய இருந்தா வயிறு முட்ட. இல்லேன்னா இலைகூடக் கிடையாது."

நாலு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். மூட்டையாகத் தூக்கி வந்தேன்.

ஏப்ரல் 2

தண்ணீர்க் கம்பெனியின் அறிக்கையைப் படித்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு தடவைகூடத் தவறாமல் ஈவுத்தொகை. பூகம்பம் வந்த வருஷம், எல்லோரும் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த வருஷம், எல்லாவற்றிலும் அந்த வரிசையில் ஒரு எண் இருக்கிறது. விரலை வைத்துக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனேன். நின்றுபோகாத ஒரு எஞ்சினின் பதிவேடு மாதிரி. உடம்பு சிலிர்த்தது. வேவாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"காகிதத்தப் பாத்து அழற ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றாள்.

அழவில்லை. கண் கலங்கியது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 5

முடிவு: கண்ணால் பார்க்காத எதையும் வாங்குவதில்லை. லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஈவாகக் கொடுத்துவிடுகிற கம்பெனியும் வேண்டாம். பழுது வந்தால் எதை வைத்துப் பார்ப்பான்?

ஏப்ரல் 17

செபு துறைமுகம். உலகத்தில் எத்தனையோ துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் கிரேன்களுக்குக் கீழே நின்றிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்ததில்லை. இறக்கினோமா, கிளம்பினோமா என்றிருக்கும். இன்று வேலிக்கு வெளியே வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு பெட்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ எங்கேயோ அதற்குக் காசு கட்டுகிறார்கள். நிற்கவே இல்லை அந்தக் கை.

காவலாளி வந்து என்ன வேண்டும் என்றான். இந்தக் கம்பெனியில் பங்கு வாங்கப் போகிறேன், பார்க்க வந்தேன் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதலாளி, கொஞ்சம் நிழல்ல நின்னு பாருங்க," என்றான். கிண்டல்தான். ஆனாலும் நிழலில் நின்றேன்.

மே 11

மலையடிவாரத்துத் துணைமின் நிலையம். மாசாயோன் பவர் கம்பெனியுடையது. எங்கள் தெருவுக்கு வெளிச்சம் தருவது அவர்கள்தான். அந்த ரீங்காரம் எனக்குப் பழக்கமான சத்தம். கண்ணை மூடினால் கப்பல்.

மே 30

எல்லாம் வாங்கியாயிற்று. தண்ணீர், துறைமுகம், மாசாயோன், மூன்றிலும் முன்னுரிமைப் பங்கு. மாசாயோனிலும் சுங்கச் சாலைக் கம்பெனியிலும் சாதாரணப் பங்கும் கொஞ்சம். முன்னுரிமைப் பங்குகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் தரும். ஒன்று தராத மாதத்தில் இன்னொன்று தரும்படி பார்த்துப் பொறுக்கினேன். கப்பலில் காவல் முறை பிரிப்பது போலத்தான் – ஒருவன் தூங்கினால் இன்னொருவன் விழித்திருப்பான்.

ஜூன் 28

வந்தது. முதல் ஈவுத்தொகை, தண்ணீர்க் கம்பெனி. வரி பிடித்தது போகப் பதிமூவாயிரத்துச் சொச்சம். நான் அப்போது வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, பார்த்தேன், கையில் சேற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஒன்றுமே செய்யவில்லையே. யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள். யாரோ துணி துவைத்திருக்கிறார்கள். ஒரு நகரமே குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதில் ஒரு துளி இங்கே என் கொல்லைவரை வந்து சேர்ந்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வது?

வேவாவிடம் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கு என்றாள். பிறகு, "மூணு மாசம் சேர்ந்தாப்பல வரட்டும்."

செப்டம்பர் 14

அடி. துறைமுகக் கம்பெனி தன் முன்னுரிமைப் பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறதாம். போட்ட அசல் அப்படியே வந்துவிடும், நஷ்டமில்லை. ஆனால் அந்த அளவுக்கு ஈவு தரும் வேறு பங்கு இப்போது கிடைக்காது. ரோவேனா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள், அப்படி எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று. நான்தான் காதில் வாங்கவில்லை. குறைந்த ஈவு தருகிற ஒன்றைத்தான் அந்த இடத்தில் வாங்க முடிந்தது.

நவம்பர் 30

மாதச் சராசரி பதினைந்தாயிரத்து நானூறு. எப்படிக் கூட்டினாலும் அதுதான்.

வேவா செபு போய் துபாய்க்கு மருத்துவப் பரிசோதனை முடித்து வந்தாள். ஜனவரி 14 டிக்கெட். எனக்குப் பிடிக்கும் என்று திரும்பும் வழியில் கலமாய் இனிப்பு வாங்கி வந்திருந்தாள். பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

மூவாயிரம் குறையறதுக்காடி போறே? கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? நான் போனபோது அவள் கேட்டாளா?

டிசம்பர் 15

புயல் திசை திரும்பி இந்தப் பக்கம் வருகிறது. கூரையைக் கயிற்றால் கட்டினேன்.

டிசம்பர் 18

உயிரோடு இருக்கிறோம்.

டிசம்பர் 20

எழுத இன்றுதான் கை வந்தது. வடஅட்லாண்டிக்கில் பன்னிரண்டு மீட்டர் அலை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குக் கீழே ஒரு கப்பல் இருந்தது. இங்கே ஒன்றுமில்லை. குளியலறையில் நானும் வேவாவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தோம். கூரை பாதி போயிற்று. காலையில் வெளியே வந்தால் மலையில் ஒரு தென்னைக்குக்கூடத் தலை இல்லை. சாலை நெடுக மின்கம்பங்கள் படுத்துக் கிடக்கின்றன. எங்கள் தெருவில் மட்டும் பதினொன்று. எண்ணிக்கொண்டே நடந்தேன். எல்லாம் மாசாயோன் கம்பங்கள். என்னுடையவை என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். பக்கத்தில் ஆட்கள் காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 27

பிற தீவுகளிலிருந்து மின்கம்பி ஆட்கள் வந்து இறங்கினார்கள். நாற்பத்து மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் தங்கல். அவர்களுடைய மேஸ்திரி கேபினோ, தெற்கே மின்டனாவோ தீவுக்காரர், கட்டையான ஆள், வீடு வீடாக வந்து சமைக்க யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார். மாசாயோன் கம்பெனி காசு கொடுத்துவிடுமாம். வேவா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, "நாளைக்குக் காலையிலேருந்து வரேன்," என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 3

சாப்பாட்டு டப்பாக்களைச் சுமந்துகொண்டு வேவாவோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். மழை. சேற்றில் லாரி ஏறாத இடத்தில் கம்பத்தைத் தோளில் தூக்கிப் போகிறார்கள், பதினாறு பேர், ஒரே குரலில் கூவிக்கொண்டு. நட்டதும் ஒருவன் ஏறுகிறான். காற்றில் கம்பம் ஆடுகிறது. அவனும் ஆடுகிறான். வாயில் திருகாணியைக் கவ்வியபடி இரண்டு கையாலும் முடுக்குகிறான்.

வேவா குடையைக் கீழே இறக்கிவிட்டு நனைந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் இறங்கி வரும்வரை நகரவில்லை. அவனுக்கு முருங்கைக்கீரை போட்ட மீன் சாற்றை முதலில் ஊற்றினாள்.

மாசாயோன் ஆண்டறிக்கையில் 'பராமரிப்புச் செலவு' என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்று பென்சிலால் கோடு போட்டவன் நான்.

ஜனவரி 8

படகுத்துறையில்தான் போனுக்கு சிக்னல். ரோவேனாவிடமிருந்து செய்தி: மாசாயோன் இந்த வருஷம் சாதாரணப் பங்குக்கு ஈவுத்தொகை தராது. முன்னுரிமைப் பங்குக்கு வழக்கம்போல உண்டு.

அப்படியானால் மாதம் பன்னிரண்டாயிரம் தேறினால் அதிகம். வேவாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 9

இன்றும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி.

ஜனவரி 10

சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெரியும் என்றாள். கேபினோ முந்தாநாளே சொல்லிவிட்டாராம், கம்பெனிக் காசு முழுக்கக் கம்பிக்கும் கம்பத்துக்கும் போகிறது என்று.

"ரெண்டு நாளா முழுங்கிட்டுத் திரியறியே, எப்ப கக்குவேன்னு பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

நான் தப்பான பங்கை வாங்கிவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன தப்பு? இந்த வருஷமும் அவங்க காசைப் பிரிச்சுக் கொடுத்திருந்தா அந்தக் கம்பெனிய நானே சும்மா விட்டிருக்க மாட்டேன். கம்பமெல்லாம் படுத்துக் கிடக்கு, பங்கு பிரிக்கிறானாம் பங்கு."

பதினான்காம் தேதி டிக்கெட்டைப் பற்றி அவளே சொன்னாள், மார்சியாவுக்கு நேற்றே சொல்லிவிட்டதாக. என்ன சொன்னாய் என்றேன்.

"நாப்பத்து மூணு பேருக்கு நாளைக்குக் காலைச் சாப்பாடு யாரு போடுவா, நீயா வந்து போடுவேன்னு கேட்டேன்."

கொல்லைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றேன். அன்றைக்குக் காகிதத்தைப் பார்த்து அழவில்லை என்று எழுதினேன். இன்று அழுதேன்.

ஜனவரி 14

மழை இல்லை. மூன்று வேளையும் அவளோடு பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 6

சாயங்காலம் ஐந்தே காலுக்கு எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. ஐம்பத்திரண்டு நாள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து அவரவர் வீட்டு விளக்கைப் பார்த்தபடி நின்றார்கள், முதல் தடவை பார்ப்பது போல. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன்.

பிப்ரவரி 19

கம்பி ஆட்கள் கிளம்பினார்கள். ஆளாளுக்கு வந்து வேவாவிடம், வரோம் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேபினோ ஒரு பெரிய அலுமினியக் குண்டானை விட்டுவிட்டுப் போனார். வேவா அதோடு நேரே படகுத்துறைக்குப் போய், சுமை இறக்குகிற ஆட்களுக்குச் சாப்பாடு பேசிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 1

தண்ணீர்க் கம்பெனி ஈவு 28ஆம் தேதியே வந்துவிட்டது. நாள் தவறவில்லை. மாசாயோன் முன்னுரிமைப் பங்கும் வந்தது.

ஜூன் 22

இன்று செபுவுக்கு இரண்டு பேரும் போனோம். வேவா பேரில் கணக்குத் திறக்க. சாப்பாட்டுக் காசில் மிஞ்சியதை எடுத்து வந்திருந்தாள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. ரோவேனா முன்னுரிமைப் பங்குப் பட்டியலை அவள் பக்கம் தள்ளினாள். வேவா அதை மரியாதையாகத் திருப்பித் தள்ளிவிட்டு, மாசாயோன் சாதாரணப் பங்கு என்ன விலை என்றாள்.

புயலுக்கு முன் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு விலை. ரோவேனா என்னைப் பார்த்தாள். பிறகு அவளிடம், "இந்த வருஷம் ஒண்ணும் வராது மேடம். அடுத்த வருஷமும் நிச்சயமில்ல," என்றாள்.

"வராட்டி போகுது," என்றாள் வேவா. "நிச்சயமா வர்றதெல்லாம் இவர் வெச்சிருக்காரு. அவங்க மழையில கம்பத்துல ஏறினத நான் பாத்தேன்."

பதினெட்டாயிரம் வந்தால்தான் என்று நின்றவள் இவள்தான். இரண்டு மாதம் நான் அறிக்கைகளில் கோடு போட்டுத் தேடியதை மழையில் நனைந்துகொண்டு நின்றே பார்த்துவிட்டாள். கையெழுத்துப் போட்டதும் பேனாவை மூடி ரோவேனாவிடம் நீட்டினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன பாக்கறே? சீக்கிரம் நட புலோ, படகு போயிடும். காலையில அறுபது சாப்பாடு."