கல்லுச்சாமிக்குப் பக்கத்தில் நின்ற தம்பிக்கு

என் செல்லத் தம்பி செல்வினுக்கு,

அக்கா எழுதுகிறேன், சிரிக்காதே. நீ பாதியில் விட்ட வழியில் நானும் உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவும் பஸ் பிடித்துப் போய்வந்தோம்.

மஸ்கட்டில் சர்வேயர் வேலையை முடித்து வந்தவன், நம்ம கருங்கல் ஊரில் வீட்டோடு சும்மா இருப்பாய் என்று பார்த்தால், வெள்ளைக்காரன் குமரியிலிருந்து இமயமலை வரை நாட்டை அளந்த வழியிலேயே போகப்போகிறேன் என்று மோட்டார் சைக்கிளைத் துடைத்தாய். அவன் குன்றுகளில் நட்ட அளவுக்கல்லை எல்லாம் பார்க்க வேண்டுமாம். "ஏலே, கல்லு பாக்கவா இம்புட்டு தூரம் போற? திற்பரப்பு ஆத்துல கல்லுக்கா பஞ்சம்?" என்று கேலி செய்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதுரைக்கு வடக்கே ஒரு குன்றோடு நீ திரும்பிவிட்டாய். 'கல் கிடைக்கவில்லை. உச்சியில் ஒரு சாமி மட்டும்தான்' என்று நோட்டில் எழுதியிருந்தாய். வீட்டில் உம்மென்றே இருந்தாய். அந்த மாதமே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. தோற்றதாக நினைத்தே போனாயே என்பதுதான் எங்கள் இருவரையும் அரித்தது.

அதே குன்றில் மூச்சு வாங்க ஏறினோம். ஒரு பெண் சாமிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பழைய மஞ்சளைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுவார்களாம். மஞ்சள் கரையக் கரைய, கல்லின் தலையில் ஒரு வட்டம் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி. நீ நோட்டில் வரைந்து வைத்திருந்த அதே அடையாளம்.

"எங்க கல்லுச்சாமிம்மா. வெள்ளைக்காரன் நாடு அளக்கையில நட்டது" என்றாள் அவள்.

ஸ்டெல்லா போனில் உன் படத்தைத் தேடி எடுத்தாள். "மயினி, இஞ்ச பாருங்க! இதுக்குப் பக்கத்துலதான் நிக்காவ!"

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டடி தள்ளி நிற்கிறாய். அடுத்தவர் சாமியைத் தொடக்கூடாது என்று அப்பா பழக்கிய மரியாதை. படம் எடுத்துத் தந்த ஆளிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுப் புள்ளியில் விரல் வைத்தேன். நம் திருச்சபையில் யாராவது கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும். பிறகு அங்கேயே உட்கார்ந்து இருவரும் அழுதோம், சிரிக்கவும் செய்தோம்.

நீ தோற்கவில்லை மக்கா. வந்து சேர்ந்துதான் இருந்தாய்.

அடுத்த குன்றுக்கு ஸ்டெல்லா வழி கேட்டுவைத்திருக்கிறாள். இமயமலை வரை முடியுமோ என்னவோ, என் முழங்கால் விடுகிற வரை போவோம். உச்சியில் சாமிதான் இருக்கிறது என்றால் திரும்ப மாட்டோம். வெள்ளிக்கிழமை வரை காத்திருப்போம்.

விரலில் இன்னும் மஞ்சள் போகாத
உன் பெல்சி அக்கா