மூளைக்குப் பொருத்தம் பார்த்த கதை

திண்ணனூர் நாடு,
ஐப்பசி 9

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் மிளகுக்கொடியும் நல்லபடியாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று எழுது, பொய் மட்டும் எழுதாதே. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் முகேஷும் அண்ணி அருள்மொழியும் புது வீட்டுக்கு பிளான் போட உட்கார்ந்து சண்டையில் முடித்தார்கள். இவன் இன்ஜினீயர், சரிவில் தண்ணீர் எப்படி வடியும், சுவர் எதைத் தாங்கும் என்று எடுத்த எடுப்பிலேயே கணக்குப் போடுகிறான். அவளோ வீடுகளுக்கு உள் அலங்காரம் வரைகிற டிசைனர், ஜன்னலை இங்கே வைத்து அங்கே வைத்துப் படம் படமாகக் கிறுக்கிவிட்டு இன்னும் முடிவாகவில்லை என்கிறாள். வெளையாடறயா என்று இவன் கேட்க, நீங்க ஊடு கட்டறீங்களா குடோன் கட்டறீங்களா என்று அவள் கேட்டுவிட்டு வாசலூர்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேசப் போன நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மூளை ஓட்டத்தைப் பார்க்கிற ஒயர்த் தொப்பியைத் தலையில் மாட்டி ஒரே வேலையைக் கொடுத்தாலும் இன்ஜினீயருக்கும் டிசைனருக்கும் மூளை ஒரே மாதிரி ஓடுவதில்லை என்று உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, அதைப் பெருமையாக எடுத்துவிட்டேன். சம்பந்தி ராசம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஐயோ சாமி, ஜாதகத்துல ஒம்பது பொருத்தம் பாத்தோம், மூளைப் பொருத்தம் பாக்காம உட்டுட்டோமே, உங்க பொண்ணே மெசின்ல பாத்துச் சொல்லிப்போட்டுதுங்களே, இனி எப்படிங்க அனுப்பறது என்று ஒப்பாரி வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மகன் குடும்பத்தை நானே பிரித்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை.

நேற்று அருள்மொழி தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள் கண்ணு! ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூளை ஓடுனா ஒண்ணு ஜன்னலில்லாத ஊடு, இல்லீன்னா மழைக்கு நிக்காத ஊடுதான கெடைக்கும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். கட்டிக்கொண்டு அழுதேன். முகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவள் பையை வாங்கி உள்ளே வைத்தான், திமிர் பிடித்தவன், கண் மட்டும் கலங்கியிருந்தது.

மறக்காமல் ராசம்மாளுக்கு போன் போட்டு, அது பொருத்தம் பார்க்கிற மெஷின் இல்லை என்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் இன்னொரு குட்டையைக் குழப்புவேன். இதை எழுதும்போது இரண்டு பேரும் வீடு கட்டப்போகிற மேட்டில் நின்று அதே ஜன்னலுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், கேட்கக் கேட்க வயிறு குளிர்கிறது. உனக்கும் இப்படிக் கத்திவிட்டுத் திரும்பி வர ஒரு ஆள் அமையட்டும் சாமி.

உன் அம்மா,
கலைச்செல்வி