தட்டில் அடுக்கிய இலக்கம்

மச்சான்,

இன்று தமிழ்க் கடையில் ஒரு பைக்கற்றைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்: 'கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம்.' பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். எழுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தவனுக்கு இந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் வீட்டுக்கு வந்து பைக்கற்றை வெட்டியதும் அந்த வாசம் உன் சமையலறைக்கே இழுத்துப் போய்விட்டது. இருக்கிறேன், எழும்புகிறேன், யன்னலடிக்குப் போகிறேன். இருப்புக் கொள்ளவில்லை.

ஊரில் சண்டை முடிகிற அந்த நாட்களில், இங்கே டோர்செட் பார்க்கில் உன் பதினோராம் மாடி வீடு. தாயை இழந்து வன்னியில் இருந்த உன் மகளைப் பற்றிப் பல வாரமாக ஒரு தகவலும் இல்லை. தொலைபேசிக்கே காது கொடுத்திருந்து ஒருநாள் பானையை எரியவிட்டாய். கட்டடம் முழுக்க நெருப்பு மணி அடித்தது. சனமெல்லாம் படியால் இறங்கி நின்று உன்னை முறைத்தது. "இனி அடுப்புப் பக்கம் போகமாட்டன்" என்றாய். ஆனாலும் உன் கைக்கு வேலை வேண்டும். சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்துக்குள் றோட்டை மறித்து நின்ற பிள்ளைகளுக்கு அடுப்பும் சீனியும் வேண்டாத உருண்டை செய்யத் தொடங்கினாய். பேரீச்சம்பழத்தைப் பிசைந்து, பாதாமும் கஜுவும் இடித்துச் சேர்த்து, உருட்டி, தேங்காய்ப்பூவில் புரட்டுவோம்.

"இறுக்கி உருட்டடா, பஸ்சில போகேக்க உதிரும்."

"நீ உருட்டினதென்ன, வாத்து முட்டையோ?"

அன்று தேங்காய்ப்பூ முடிந்து நீ கடைக்குப் போயிருந்தாய். தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து, சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமுக்குப் போய்வந்த ஒரு பெண்.

"அங்கிள், மகள் உயிரோட இருக்கிறா. ரெலிபோன் காட் முடியப்போகுது, கெதியா அவவின்ர விலாசத்தை எழுதுங்கோ."

"ஓம் பிள்ளை, எழுதுறன். சொல்லுங்கோ."

எனக்கு எழுதத் தெரியாது. இருபது வருடம் உன்னிடம் அதை மறைத்திருந்தேன். கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லி எத்தனை கடிதத்தை உன்னைக்கொண்டு வாசிப்பித்திருப்பேன்! முகாமின் பெயர் மனதில் நின்றது. கூடார இலக்கம் நிற்கவில்லை. அடுத்த எண் வரமுன் முந்தினது ஓடிவிடுகிற பதற்றம். அவள் சொல்லச் சொல்ல, எண்ணுக்கு ஒரு வரிசையாக, அந்த எண்ணளவு உருண்டைகளைத் தட்டில் அடுக்கினேன். பிறகும் ஏதோ சொன்னாள். உன் மகள் உனக்குச் சொல்லிவிட்ட வார்த்தை. என் கண்ணும் காதும் தட்டில்தான் இருந்தன. தொடர்பு அறுந்தது.

நீ வந்தாய். நான் வாய் திறக்குமுன், "என்ன வடிவா அடுக்கி வைச்சிருக்கிறாய்!" என்று கரையில் இருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டாய்.

"துப்பு! துப்படா!"

"ஏன், கொட்டை கிடக்கோ?"

"உது உன்ர மகளின்ர இலக்கம்!"

அழுதழுது எல்லாம் சொன்னேன். தட்டில் மூன்று, நாலு, இரண்டு கிடந்தன. எந்த வரிசையில் எடுத்தாய் என்று உனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றைக் கூட்டிப் பார்த்து மூன்று இலக்கம் எழுதினாய். "மூண்டு கூடாரம்தானே, மூண்டிலயும் விசாரிப்பிப்பம்." பிறகு என்னைப் பார்த்தாய். "விசரா, உனக்குக் கண்ணாடியே இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ?"

அடுத்ததாக, "பிள்ளை என்ன சொல்லிவிட்டவள்?" என்று கேட்டாய். "சுகமாம், யோசிக்க வேண்டாமாம்" என்றேன். அது நானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாய். அந்த மூன்றில் ஒன்றில் அவளைக் கண்டதாகத் தகவலும் வந்தது. அவள் முகாமைவிட்டு வெளியே வருமுன், அந்த வருடக் குளிருக்குள் நீ கண்ணை மூடிவிட்டாய்.

அவள் இப்போது இங்கே, பக்கத்து அஜக்ஸில் இருக்கிறாள். போன கிழமை கேட்டாள்: "அங்கிள், நான் சொல்லிவிட்டது அப்பாவுக்குக் கிடைச்சதோ?"

இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "இல்லைப் பிள்ளை. இப்ப சொல்லு, எழுதுறன்" என்றேன். மெதுவாகச் சொன்னாள். ஒருவர் சொல்ல நான் எழுதியது அதுதான் முதல்தடவை. பிந்தித்தான் தருகிறேன், மச்சான். ஒரு சொல்லும் குறையவில்லை:

"அப்பா, வழி முழுக்க உங்களோட கதைச்சுக் கதைச்சுத்தான் நடந்தனான். அம்மான்ர படத்தை விட்டிட்டு வந்திட்டன், கோவிக்காதேங்கோ."